பழைய கெர்னல்

திரையில் வெறும் நீலம். அக்கா கைப்பையை மடியில் வைத்தபடி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்குக் கிளம்ப வாசலில் வண்டி நிற்கிறது. அப்பாவின் குரல் மிச்சமிருக்கும் ஒரே வீடியோ கேசட், கணினியோடு இணைத்த பிளேயருக்குள் கிடக்கிறது. அதைக் கேட்காமல் நகரமாட்டேன் என்கிறாள். ஆனால் நேற்று தம்பி கணினியை இயக்கும் லினக்ஸை அப்கிரேட் செய்ததிலிருந்து, பிளேயரின் படத்தை உள்வாங்கும் வீடியோ கார்டு என்று ஒன்று இருப்பதையே கணினி கண்டுகொள்ளவில்லை.

“நல்லா இருந்ததை எதுக்குடா நோண்டினே?”

“புதுசு போட்டா வேகமா ஓடும்னுதான்க்கா...”

“ஓடியே போச்சு, போ!”

தம்பி விசைப்பலகையில் தட்டிப் பார்க்கிறான். கார்டு இருக்கிறது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத்தான் லினக்ஸின் உயிர்நாடியான கெர்னலின் புதுப் பதிப்பில் காணோம். கணினியை அணைத்துப் போட்டு, தொடக்கத்தில் வரும் கறுப்பு மெனுவில், இன்னும் அழியாமல் கிடக்கும் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கிறான். உள்ளே காற்றாடி உறுமுகிறது. சன்னல் வெயிலில் தூசி சுழல்கிறது. வெளியே ஹாரன்.

நீலம் கலைகிறது. கோடுகோடாக நடுங்கியபடி ஒரு மங்கல் படம் எழுகிறது. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண்ணும், நழுவும் டவுசரைப் பிடித்துக்கொண்ட ஒரு பையனும் விறைத்து நிற்கிறார்கள். இரவல் வாங்கிய வீடியோ கேமராவைப் போட்டோ கேமரா என்றே நினைத்துக்கொண்ட மனிதர் அப்பா. “அசையாதீங்க... கண்ணைச் சிமிட்டாதே கண்ணு... இதோ, எடுத்துட்டேன்... இன்னும் கொஞ்சம்...”

வண்டிக்காரர் மறுபடி ஹாரன் அடிக்கிறார். நரைத்துப்போன அக்காவும், வழுக்கை விழுந்த தம்பியும் இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.