மருந்துக்காரிக்கு இடமில்லை

மருமகள் சுதர்ஷினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கைபேசியைக் கட்டிலில் போட்டதை, ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டக் கங்காணி ராமையா பார்த்துவிட்டார்.

"என்னம்மா?"

"ஆன்லைன் விளையாட்டு மாமா. எந்த ஆளா வேணும்னாலும் விளையாடலாம்னுதான் விதியில போட்டிருக்காங்க. நான் அதுல காயத்துக்கு மருந்து போடுற ஆளு. ஆனா டீம் லீடர், வாள் எடுத்தாத்தான் நாளைக்குப் போட்டியில சேப்பேங்கிறாரு."

ராமையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முப்பது வருஷம் காலையில பெரட்டுல நின்னு வேலைக்கு ஆள் பிரிச்சவன் நான். கத்தியெடுத்துச் செடியக் கவ்வாத்து வெட்டவும் ஆள் வேணும், கொழுந்து எடுக்கவும் ஆள் வேணும். எல்லார் கையிலயும் கத்தியக் குடுத்தா மலை மொட்டையாத்தான் நிக்கும். இது தெரியாதவன் லீடரா?"

"அதத்தான் மாமா நானும் சொன்னேன்."

"நம்ம வீட்டுப் பொண்ண வேணாங்கிறானா? வளர்ப்பு சரியில்ல. அவன் அப்பன் நம்பரக் குடு, நானே கேக்குறேன்."

சுதர்ஷினி தயங்கினாள்.

"அது உங்க நம்பர்தான் மாமா. கொழும்புல இருக்கிற உங்க மகன்தான் லீடர்."

ராமையா தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, மனைவியை அழைத்தார்.

"பேச்சி, உன் மகனுக்குப் போன் போடு. நாளைக்கு மருந்துக்காரியும் வர்றான்னு சொல்லு."