காட்டுக்குள் வைக்கும் பலகை

“அவன் செத்துப்போனான் எண்டு சொல்லு பிள்ளை,” என்றார் விநாயகமூர்த்தி.

மகள் துவாரகா தயங்கினாள். எதிரே சோபா நுனியில் இருந்த ஸில்வி, இந்த ஒரு ஆளைத் தேடித்தான் பிரான்ஸிலிருந்து ரொறன்ரோ வந்திருந்தாள். பழைய ஆக்களை எல்லாம் விநாயகமூர்த்திக்குத் தெரியும் என்று, வோபர்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடைக்காரர் அவளை ரூஜ் பகுதியில் இருந்த இந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் துவாரகா மெல்லச் சொன்னாள். ஸில்வியின் முகம் வாடிப்போனது.

அவளுடைய ஊரில் மொத்தமே இருநூறு பேர். வயலும் காடும்தான் அவர்களுக்குச் சோறு போட்டவை. ஊரின் பழமையைக் காக்கவென்று பொது ரொட்டி அடுப்புக்கும் மரம் அரியும் ஆலைக்கும் பெயர்ப் பலகை வைத்துவிட்டார்கள். காட்டுக்குள் வைக்கும் கடைசிப் பலகை ஒரு தமிழனுக்கு.

முப்பத்து மூன்று வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பெரிய மரம் சரிந்து, ஸில்வியின் அப்பாவை டிராக்டரோடு அமுக்கியது. பக்கத்தில் ஆறு வயது ஸில்வி. அவர்களின் பண்ணையில் விசா இல்லாமல் வேலை செய்த இளைஞன் தனி ஆளாய் மரத்தை அறுத்து இருவரையும் வெளியே எடுத்தான். பொலிஸ் வரும் என்று தெரிந்தும், அம்புலன்ஸ் வரும்வரை அவன் ஓடவில்லை. அடுத்த கிழமை ஊரில் அவன் இல்லை. ராஜா என்ற பெயரும், முதுகைக் காட்டி மரம் தூக்கும் ஒரு படமும்தான் மிச்சம்.

ஸில்வி ஏதோ சொல்லி விம்மினாள். விநாயகமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவவின்ர அப்பா ஹொஸ்பிட்டலில,” என்று துவாரகா அவருக்குச் சொன்னாள். “இந்த விண்டர் தாண்டமாட்டாராம். ஒருக்கா ராஜா அங்கிளின்ர கையைப் பிடிக்கவேணும் எண்டு கேட்டவராம்.”

அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“போர்டில போட அவரின்ர முழுப் பேரைக் கேக்கிறா, அப்பா.”

“தெரியாது. ராஜா எண்டே போடச் சொல்லு.”

“எங்க தாட்டது எண்டு கேக்கிறா. பூ வைக்கவாம்.”

“எரிச்சாச்சு. ஒண்டும் மிச்சமில்லை.”

ஸில்வி எழுந்தாள். ராஜாவுக்கென்று கொண்டுவந்த தேன் போத்தலை, அவருடைய சிநேகிதன் நீங்கள், நீங்களே வைத்திருங்கள் என்று விநாயகமூர்த்தியின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

கார் தெரு முனையில் திரும்பும் மட்டும் துவாரகா வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.

“இப்பிடி ஒரு மனுசனைத் தெரிஞ்சு வைச்சிருந்திருக்கிறியள். எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே, ஏன் அப்பா?”

விநாயகமூர்த்தி யன்னல் திரையை இழுத்து மூடினார்.

“பிரான்ஸில கால் வைக்கவே இல்லை எண்டு எழுதிக் குடுத்துத்தான் பிள்ளை, இந்த ராஜா கனடாவில அகதியாப் பதிஞ்சவன்.”