உச்சந்தலைக்கு இலவசம்

'முடி உதிர்வுக்கு இலவச ஆராய்ச்சி முகாம் - ஆண்களுக்கு மட்டும்' என்று ஆம்பூர் கல்யாண மண்டபத்து வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் ஜெயசீலன், படித்ததுமே இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று முடிவுகட்டினான்.

அவன் பட்ட பாடு அப்படி. முப்பத்திரண்டு வயதுக்குள் அவன் தலையை வைத்துப் பிழைத்தவர்கள் பலர். வாணியம்பாடியில் ஒருவர் வெங்காயத் தைலம் விற்றார். வேலூரில் ஒருவர் மண்டையில் ஊசியே போட்டார். இருந்ததும் போயிற்று. வருகிற ஞாயிறு மோகனா என்ற பெண்ணைப் பார்க்கப் போக வேண்டும். அதற்காகத்தான் உள்ளே நுழைந்தான். பர்ஸை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் உட்காரச் சொன்னாள். கோட்டில் 'நிஷா' என்று பெயர் இருந்தது.

"உங்கம்மாவோட அப்பாவுக்கு வழுக்கையா?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் இன்னா மேடம்?"

"முடி வேர்ல ரிசப்டர்னு ஒண்ணு இருக்கு. ஆண் ஹார்மோனைப் புடிச்சிக்கிறது அதோட வேலை. உங்க உச்சந்தலையில அதுக்கு வேகம் ஜாஸ்தி, வேர் சுருங்கிப் போவுது. பிடரியில கம்மி, அதான் அங்க முடி நிக்குது. அந்த ரிசப்டர் ஜீன் அம்மா வழியா வர்றது."

"அப்ப என் தப்பு ஒண்ணும் இல்லியா?"

"இல்லவே இல்ல."

ஹெல்மெட், போர் தண்ணீர், கண்முழிப்பு என்று எல்லோரும் அவனையே குறை சொன்ன பிறகு, இப்படி ஒரு வார்த்தை! ஜெயசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. சுதாரித்துக்கொண்டான்.

"தைலம் எவ்ளோ?"

"தைலமே கிடையாது."

"மாத்திரை?"

"அதுவும் இல்ல. ஒரே ஒரு போட்டோ, அவ்ளோதான்."

உதவியாளர் சாமுவேல் ஏணியில் ஏறி, மேலிருந்து அவன் உச்சந்தலையைப் படம் பிடித்தார். சூது இங்கேதான் என்று ஜெயசீலனுக்கு உறைத்தது.

"விளம்பரத்துல போட்டு மானத்த வாங்கிடாதீங்க மேடம்!"

"சத்தியமா இது விளம்பரத்துக்கு இல்ல."

அந்தப் பதிலில் பொய் தெரியவில்லை. உலகத்தில் நல்லவர்களும் இருக்கிறார்கள் என்று நெகிழ்ந்து, பெயர், முகவரி, கம்பெனி எல்லாம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான்.

சாமுவேல் கைப்பேசியில் அந்தப் படத்தை வேறொரு படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இறங்கி வந்து, நிஷாவின் முன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"எஸ்.ஐ. மேடம், கம்பெனி குடோன்ல ஏற்றுமதி ஷூவைப் பெட்டி பெட்டியாத் தூக்கினவன் இவன்தான். கேமராவுல மூஞ்சி விழலையே தவிர, மண்டை நல்லா விழுந்திருக்கு!"