நல்ல கால் படம்

“முழங்கால் மூட்டுல ஒரு குறையும் இல்ல,” என்றார் டாக்டர், லாயத்து வாசலில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி.

பண்ணை முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்போ பொலிகுதிரைன்னு சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க. போட்டியில இவன் தாண்டாத வேலி இல்ல. இவனோட குட்டி கேட்டு ஆளுங்க வரிசை கட்டி நிக்கறாங்க.”

“இவனுக்கு என்ன வயசு?”

“பதினொண்ணு.”

“படத்துல எலும்பு முனை இன்னும் மூடலையே. இது வளர்ற குட்டியோட கால்.” டாக்டர் பேனாவை மூடினார். “மூட்டுக் கோளாறு பரம்பரையா இறங்கும். இவனை என் கண்ணெதிர்ல படமெடுக்காம கையெழுத்து கிடையாது.”

டாக்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் முதலாளி லாயத்துக்குள் நுழைந்தார். பண்ணையில் எக்ஸ்ரே எடுப்பவள் அவர் மனைவிதான்.

“வேற நல்ல கால் படமா மாத்தி வைன்னுதானே சொன்னேன்? போயும் போயும் குட்டியோடதையா வைப்பே? இருபது வருஷமா படம் எடுக்கறவளுக்கு இதுகூடத் தெரியாதா?”

“தெரியும்,” என்றாள், அந்தக் குதிரைக்குப் பிறந்து நொண்டும் மூன்றாவது குட்டியின் காலில் கட்டுப் போட்டபடியே. “அதனாலதான் வச்சேன்.”