வீடறிந்த குதிரை

வெண்டலிடம் இருந்த வேட்டை அனுமதி பெண் எல்க் மானுக்கு மட்டும். சுட்டதோ பெரிய கொம்புள்ள ஆண் மானை. வனக் காவலர் கண்ணில் படாமல் இருக்க, கறியையும் கொம்பையும் குதிரைமேல் கட்டி, நண்பன் கோர்டியோடு குறுக்குவழியில் மலையிறங்கினான். பாதியில் பனி மூடி வழி மறைந்தது.

“தொலைஞ்சோம்டா,” என்றான் கோர்டி.

“கயித்தை விடு. குதிரைக்கு வீட்டுக்குப் போகத் தெரியும்.”

குதிரை தயங்காமல் நடந்தது. புகை போகும் ஒரு மரவீட்டு வாசலில் நின்று கனைத்தது.

“இது நம்ம வீடு இல்லையேடா?”

“போன மாசம் ஏலத்துல எடுத்த குதிரைடா...”

கதவு திறந்தது. வனக் காவலர் உடுப்போடு வந்த பெண் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு கொம்பைப் பார்த்தாள். குதிரையின் காதோரம் கேட்டாள்:

“ஏலத்துல விட்டப்புறமும் நம்ம வேலையை விடலையாடா நீ?”