செல்வினின் எலி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஆய்வுக்கூடத்தில் ஓர் எலி உண்டு; அவரவர் மரபணுவைப் புகுத்தி வளர்த்த எலி. மனிதக் கண்ணுக்கு நாற்பது வருடத்தில் வருவது எலிக்கு இரண்டே வருடத்தில் வந்துவிடும். அப்போது அதன் கண்ணை மெல்லிசாகச் சீவி, கண்ணுக்குள்ளேயே ஊறும் நீர் வடிகிற சல்லடைத் திசு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடைத்தால் நீர் தேங்கி, ஓரத்திலிருந்து பார்வை மெல்லப் போகும். அடைத்திருந்தால் ஓட்டுநருக்கு வைத்தியம் நடக்கும், ஆனால் வேலை போய்விடும்.

சீவுகிற வேலை ஜெபக்கனிக்கு. ஒருநாள் சொந்தத் தம்பி செல்வினின் எலியே அவள் கைக்கு வந்தது. சல்லடை தூர்ந்து கிடந்தது. தம்பிக்கு மூன்று பிள்ளைகள். வேறொரு நல்ல கண்ணின் சீவலில் அவன் பெயரை ஒட்டி அனுப்பிவிட்டாள்.

மூன்று வருடம் கழித்து அவள் வீட்டுக்கு வந்த செல்வின், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான்.

"என்னல, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

"நீ வேறக்கா. பக்கவாட்டுல ஒண்ணுமே தெரிய மாட்டேங்கு."

"டாக்டர்ட்ட காட்டினியா?"

"போனேன். 'உங்க எலிக்குச் சுத்தமா இருக்கே, அப்புறம் உங்க கண்ண எதுக்குப் பாக்கணும்?'னு அனுப்பிட்டாரு."

ஜெபக்கனி செய்ததையெல்லாம் சொல்லி அழுதாள். வா, இப்போதே போய் உண்மையைச் சொல்வோம், மிச்சப் பார்வையாவது தப்பும் என்று கையைப் பிடித்தாள்.

செல்வின் கையை விடுவித்துக்கொண்டான்.

"வெளிய சொல்லிராதக்கா. இன்னும் எத்தன வருஷம் ஓட்டலாம்? அத மட்டும் சொல்லு."