சின்ன ரேஞ்ச்

ஆண்டர்சன்பேட்டை வீட்டில், கிளவுட் நெட்வொர்க்கில் டேட்டா போக ரூட் போட்டுக்கொண்டிருந்தான் ஷெர்வின்.

"ஏங்க, ஒரே அட்ரஸுக்கு ரெண்டு ரூட் இருந்தா இன்னா ஆவும்?" என்றாள் மனைவி லவினா.

"கம்மி அட்ரஸ் இருக்குற சின்ன ரேஞ்சுக்குப் போட்டதுதான் ஜெயிக்கும். பெரிய ரேஞ்ச் ரூட்டை நெட்வொர்க் கண்டுக்காது."

"அப்டி வாங்க வழிக்கு! கிறிஸ்துமஸ் வாரம் பூரா இங்கதான்னு அத்தை சொன்னாங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் கோரமண்டல் வீட்டுக்கு வரச்சொல்லி எங்கம்மா கூப்புடுறாங்க. ஜெயிச்சது எங்கம்மா!"

சமையலறையிலிருந்து மாமியார் ஐடா எட்டிப் பார்த்தார்.

"தாராளமா போய்ட்டு வாம்மா. அன்னிக்கு மத்தியானம் பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் மட்டும் இங்க பிரியாணிக்கு இருந்தா போதும்."

லவினா கணவனை முறைத்தாள்.

"நேத்து அம்மாவும் இதே கேள்வியைத்தான் கேட்டாங்க" என்றான் ஷெர்வின், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.